அரை மில்லியும் அந்த ஒரு நாளும்

பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் அளவுதான் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழல். உள்ளே அரை மில்லிலிட்டர். பத்துச் சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் மாதக்கணக்கில் கிடந்ததை வெளியே எடுத்து உருக்கிவிட்டால் பிறகு காத்திருக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் என்றோ கொடுத்துவிட்டுப் போன அந்தப் பத்துச் சொட்டை நம்பி ஒரு பெண் பரிசோதனை மேசையில் படுத்திருக்கிறாள். அதை எங்கே வைப்பது? கருப்பை வாயிலா, கருப்பைக்கு உள்ளேயா, அதையும் தாண்டிக் கருக்குழாய் வரையிலுமா? இந்தக் கேள்வியை மருத்துவ ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். விடை ஓரளவு கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தேடிப் போன வழியில் அவர்கள் கண்டெடுத்தவை அந்த விடையைவிடப் பெரியவை.

கொடையாளர் விந்து யாருக்குத் தேவைப்படுகிறது? ஆண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு விந்தில் அணுவே இருப்பதில்லை. குழந்தையில்லை என்று மருத்துவரிடம் வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர். 1992இல் பிரஸ்ஸல்ஸில் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை வெற்றி கண்டதும் இவர்களில் பலருக்குச் சொந்தக் குழந்தைக்கு வழி பிறந்தது. கொடையாளரைத் தேடுவது குறைந்தது. இருந்தாலும் விரையிலிருந்தே அணு கிடைக்காதவர்கள், கடுமையான மரபணு நோயைப் பிள்ளைக்குக் கடத்த விரும்பாதவர்கள், இக்ஸிக்கு ஆகும் லட்சங்களைப் புரட்ட முடியாதவர்கள், துணையின்றித் தாயாக விரும்பும் பெண்கள் ஆகியோருக்கு இன்றும் இதுதான் வழி.

இயல்பான உறவில் கோடிக்கணக்கான அணுக்கள் புறப்படுகின்றன. கருக்குழாயில் முட்டை இருக்கும் இடத்தை எட்டுபவை சில நூறுதான். யோனியின் அமிலத்தில் பெரும்பகுதி மடிந்துபோகிறது. கருப்பை வாயின் சளி மிச்சத்தை வடிகட்டுகிறது. முட்டை வெளிவரும் நாட்களில் அந்தச் சளி பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இளகி நீண்டு அணுக்களுக்கு வழிவிடும். மற்ற நாட்களில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். கருப்பை வாயின் மடிப்புகளில் அணுக்கள் தங்கி, சிறிது சிறிதாக மேலே ஏறும். ஆக, கருப்பை வாய் ஒரே சமயத்தில் வாயிற்காவலனாகவும் தங்குமடமாகவும் இருக்கிறது. செயற்கை விந்தேற்ற முறைகள் எல்லாமே இந்தப் பயணத்தில் அணுக்களை எந்த இடத்தில் இறக்கிவிடுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

பழைய முறை வாயிலில் இறக்கிவிடுவது. பதிவில் உள்ள முதல் கொடையாளர் விந்தேற்றம் 1884இல் பிலடெல்பியாவில் நடந்தது. வில்லியம் பான்கோஸ்ட் என்ற மருத்துவப் பேராசிரியர், அணுவே இல்லாத ஒரு வணிகரின் மனைவியைக் குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, தன் மாணவர்களில் ஒருவரின் விந்தை ரப்பர்ப் பீச்சுக்குழலால் செலுத்தி, கருப்பை வாயைத் துணியால் அடைத்தார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவருக்கே பிறகுதான் சொல்லப்பட்டது. ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்கு உண்மை தெரியக் கூடாது என்று ஆண்கள் கூடி முடிவுசெய்தார்கள். அங்கிருந்த மாணவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்டு 1909இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியதால்தான் இது வெளியே வந்தது. சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணின் உடலில் செய்யப்பட்ட இந்தக் காரியத்தை மருத்துவச் சாதனை என்று எழுதுவதற்கில்லை. ஆனால் செய்முறை என்று பார்த்தால், புது விந்தைக் கருப்பை வாயில் விட்டு வழிந்துவிடாமல் தடுப்பது என்ற அதே வழிதான் அடுத்த நூறாண்டுக்கும் நிலைத்தது. துணிக்குப் பதிலாகப் பிறகு கருப்பை வாய்க்கு மாட்டும் சிறு மூடி வந்தது, அவ்வளவுதான்.

புது விந்து இருந்தவரை அந்த எளிய வழி போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் மாற்றியது குளிர்தான்.

விந்தை உறைய வைக்கும் வித்தை கைக்கு வந்ததே ஒரு சீட்டுக் குளறுபடியால்தான். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவருடைய சகாக்களும் சேவல் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்தார்கள். உருக்கியதும் அணுக்கள் செத்துக் கிடந்தன. பின்னொரு நாள் அதே கரைசல் என்று நினைத்து ஒரு புட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தபோது அணுக்கள் உயிரோடு துள்ளின. சர்க்கரை என்று எழுதியிருந்த புட்டியில் இருந்தது உண்மையில் கிளிசரால் கலந்த கரைசல். உறையும்போது செல்லுக்குள் பனிப்படிகம் ஊசிபோல் வளர்ந்து கிழிப்பதைக் கிளிசரால் தடுக்கிறது. 1949இல் இந்தக் கண்டுபிடிப்பு 'நேச்சர்' இதழில் வந்தது. நான்கே ஆண்டில், அமெரிக்காவின் அயோவாவில் ரேமண்ட் பங்கேயும் ஜெரோம் ஷெர்மனும் உறைந்த விந்தால் பெண்கள் கருவுற்றதை அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகும் பல மருத்துவர்கள் புது விந்தையே நாடினார்கள். உறைய வைத்து உருக்கினால் ஏறக்குறையப் பாதி அணுக்கள் அசைவிழந்துவிடும். பிழைத்தவற்றுக்கும் ஆயுள் குறைவு. புதிது இருக்கப் பழையது எதற்கு என்பது அவர்கள் கணக்கு. 1985இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சேதி அந்தக் கணக்கை முடித்து வைத்தது. எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியாமலே விந்து கொடுத்த ஒருவரின் விந்தைப் பெற்ற எட்டுப் பெண்களில் நான்கு பேருக்குத் தொற்று பரவியிருந்தது. தாயாக விரும்பி வந்ததைத் தவிர அந்த நால்வரும் வேறொன்றும் செய்யவில்லை. கொடையாளர் தரும் அன்று செய்யும் ரத்தப் பரிசோதனையில் புதிய தொற்று தெரியாமல் போகலாம். எனவே விந்தை ஆறு மாதம் உறைநிலையில் பூட்டி வைத்து, கொடையாளரை மறுபடி சோதித்து, அதன் பிறகே வெளியே விடுவது என்ற வழக்கம் உலகெங்கும் பரவியது. புது விந்தின் காலம் அதோடு முடிந்தது.

பாதி அணுக்கள் போய்விட்டன, மீதி அதிக நேரம் தாங்காது என்றால் வாயிலில் இறக்கிவிட்டு அவை தாமாக ஏறட்டும் என்று விட முடியுமா? இங்கேதான் ஐ.யு.ஐ. என்று இன்று ஊரெல்லாம் அறிந்த முறை கொடையாளர் விந்தேற்றத்தில் முன்னுக்கு வந்தது. மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாக நுழைத்து, நேரே கருப்பைக்குள் விடுவது. ஆனால் விந்தை அப்படியே விட முடியாது. விந்துத் திரவத்தில் உள்ள புரோஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருட்டிப் பிடித்து வலியில் துடிக்க வைக்கும்; கிருமியும் உள்ளே போகும். அதனால் ஆய்வகத்தில் 'வாஷ்' செய்கிறார்கள். அடர்த்தி வேறுபட்ட கரைசல்களின் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றினால் நல்ல அணுக்கள் அடியில் சேரும். அல்லது ஊட்டக்கரைசலை மேலே விட்டுக் காத்திருந்தால், நீந்தத் தெம்புள்ளவை தாமாக மேலேறி வரும். இரண்டுக்கும் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். கருப்பை வாய் முறைக்கு இவை எதுவும் வேண்டாம். செலவின் வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

அப்படியானால் கூடுதல் செலவுக்குக் கூடுதல் பலன் உண்டா? இதில் ஆராய்ச்சி உலகம் இரண்டு தடவை நிலை மாறியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு, உறைந்த விந்துக்கு ஐ.யு.ஐ. மேலானது என்றது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் ஐ.யு.ஐ.யையே பரிந்துரைத்தது. ஆனால் 2015இல் நெதர்லாந்தில் 1843 பெண்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஆறு முறை வரை முயன்றவர்களில் ஐ.யு.ஐ. பக்கம் நூற்றுக்குச் சுமார் 40 பேர், கருப்பை வாய்ப் பக்கம் சுமார் 38 பேர் கருவுற்றிருந்தார்கள். அந்த இரண்டு பேர் வித்தியாசத்துக்கா இவ்வளவு ஏற்பாடு என்று கேட்கத் தோன்றும். 2018இல் காக்ரேன் தொகுப்பைப் புதுப்பித்தவர்களும், குழந்தை பிறப்பு என்ற அளவுகோலில் எது மேல் என்று தெளிவாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று பின்வாங்கினார்கள். பழைய சோதனைகள் சிறியவை. பலவற்றில் கருவுற்றதைத்தான் எண்ணினார்களே தவிர, குழந்தை பிறந்ததா என்று பின்தொடரவில்லை.

சண்டை ஓய்ந்தது 2022இல். நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவமனைகளில் 400க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, முட்டையைத் தூண்டும் மருந்து எதுவும் தராமல், இயல்பான மாதச் சுழற்சியிலேயே ஆறு முறை வரை விந்தேற்றம் செய்தார்கள். ஐ.யு.ஐ. பக்கம் தெளிவாகக் கூடுதல் குழந்தைகள் பிறந்தன.  பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்ப்பதற்கும் குலுக்கிப் பிரித்துப் பார்ப்பதற்கும் இவ்வளவு வேறுபாடு வருகிறது. பதிவேட்டில் யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவமனையின் பழக்கம் தீர்மானித்திருக்கும். குலுக்கலில் அப்படி எதுவும் புக முடியாது.

கருப்பையையும் தாண்டிப் போன முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவிய அணுக்களை 4 மில்லிலிட்டர் திரவத்தில் கலந்து கருக்குழாய்களுக்குள் அலசிவிடும் முறை 1990களில் வந்தது. வயிற்றறைக்குள் ஊசியால் விடுவதும் முயலப்பட்டது. முதலில் எழுந்த உற்சாகம், எண்ணிக்கை கூடக்கூட வடிந்துவிட்டது.

ஆக, எங்கே என்பதற்கு விடை கருப்பைக்குள். ஆனால் இந்தத் துறையில் உழைத்தவர்களிடம் கேட்டால், எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று கேட்கச் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து 1995இல் வெளியிட்ட முடிவு இது: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் தவிர வேறு நாட்களில் கரு உருவாகவில்லை. அந்த ஆறு நாள் கணக்கு, கருப்பை வாயின் மடிப்புகளில் நாட்கணக்கில் காத்திருக்கக்கூடிய புது அணுக்களுக்கு. உறைந்து உருகிய அணுக்களுக்கு அந்தச் சாளரம் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகிறது. வெளிவந்த முட்டையும் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. இரண்டு குறுகிய ஆயுள்களை ஒரே இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் 'இன்னும் முட்டை வெடிக்கல, நாளைக்கு வாங்க' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போகும் பெண்களுக்கு அலைச்சல் எரிச்சலாக இருக்கலாம். ஆனால் மொத்தச் சிகிச்சையின் உயிர்நாடி அந்த அலைச்சலில்தான் இருக்கிறது. ஸ்கேனில் முட்டைப்பை வளர்வதைப் பார்த்து, அல்லது சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் எழுவதைக் கண்டு, அல்லது முட்டையை வெளிவரச் செய்யும் ட்ரிகர் ஊசி போட்டு ஒன்றரை நாள் எண்ணி, அந்த வேளையைப் பிடிக்கிறார்கள்.

விந்தேற்றம் முடிந்ததும் எழலாமா, படுத்தே இருக்க வேண்டுமா? காலுக்கு அடியில் தலையணை, அரைநாள் அசையாமை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் யோசனைகளுக்கு அளவில்லை. 2009இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு, கால்மணி நேரம் படுத்திருந்த பெண்களில் நூற்றுக்கு 27 பேருக்குப் பலன் கிடைத்ததாகவும் உடனே எழுந்தவர்களில் 18 பேருக்குத்தான் கிடைத்ததாகவும் சொன்னது. 2017இல் இன்னொரு நெதர்லாந்து ஆய்வு அதையே மறுபடி சோதித்தது: படுத்திருந்தவர்களில் 32, உடனே எழுந்தவர்களில் 40. படுத்திருப்பதால் நன்மை இல்லை என்பது அதன் முடிவு. கணவரின் விந்தை வைத்து எழுந்த கேள்வி என்றாலும் கருப்பைக்குள் போன அணுக்களுக்கு யார் கொடுத்தது என்ற பேதம் கிடையாது. எழுந்து வேலைக்குப் போன பெண், தன்னால்தான் தங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை. இந்த ஒரு சேதியை ஒவ்வொரு மருத்துவமனையும் சுவரில் எழுதி வைக்கலாம்.

கொடையாளர் விந்தேற்றம் உலகத்துக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய பரிசு, செய்முறையைப் பற்றியதே அல்ல. 1973இல் பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் ஜார்ஜ் டாவிட் தொடங்கிய செகோஸ் விந்து வங்கிகள், ஒவ்வொரு பெண்ணின் வயதையும் ஒவ்வொரு முயற்சியின் தேதியையும் ஒழுங்காகக் குறித்து வைத்தன. 1982இல் டேனியல் ஷ்வார்ட்ஸும் மேரி-ழான் மேயோவும் அந்தப் பதிவுகளிலிருந்து 2193 பெண்களை எடுத்துக் கணக்கிட்டார்கள். எல்லோருடைய கணவருக்கும் அணுவே இல்லை. எனவே, குறை கணவரிடம் என்பது உறுதி. எல்லோருக்கும் ஒரே தரத்திலான விந்து, ஒரே செய்முறை. மாறியது பெண்ணின் வயது மட்டும். பன்னிரண்டு முயற்சிகளுக்குள் கருவுற்றவர்கள், 25 வயதும் அதற்குக் கீழும் 73 சதவீதம். 26 முதல் 30 வரை 74.1, 31 முதல் 35 வரை 61.5, 35க்கு மேல் 53.6. பெண்ணின் வயதால் கருவளம் எப்போது, எவ்வளவு குறைகிறது என்பதற்கு அதுவரை இவ்வளவு சுத்தமான அளவு யாரிடமும் இருந்ததில்லை. வெளியில் சொல்ல முடியாத வருத்தத்தோடு அந்த வங்கிகளுக்கு வந்த 2193 பெண்கள், பெயர் தெரியாமலே உலகப் பெண்களுக்கெல்லாம் ஒரு அட்டவணையை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அதை நிதானமாக வாசித்தால் இரண்டு விஷயம் புரியும். முப்பது வயதுவரை அவசரம் இல்லை. முப்பதைத் தாண்டியபின் வாய்ப்பு இறங்குகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை. இன்னொன்று, இவை ஒரு முயற்சியின் எண்கள் அல்ல, பன்னிரண்டு முயற்சிகளின் கூட்டு. இரண்டாவது தடவை மாதவிலக்கு வந்ததும் மனம் உடைந்து சிகிச்சையை விடுபவர்கள் இழப்பது அந்தக் கூட்டைத்தான்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு கேள்வி, நம் மருத்துவமனைகள் கேட்க வேண்டியது. கொடையாளரை நாடும் பல பெண்களுக்கு உடலில் ஒரு குறையும் இல்லை. குறை கணவரிடம், அல்லது கணவரே இல்லை. முட்டை மாதாமாதம் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு முட்டையைப் பெருக்கும் மாத்திரையும் ஊசியும் எதற்கு? இரட்டை, மூன்று என்று கரு பிடித்தால் குறைமாதப் பிரசவமும் ரத்த அழுத்தமும் தொடரும். அதனால்தான் நைஸ் வழிகாட்டி, ஒழுங்கான சுழற்சி உள்ள பெண்ணுக்கு மருந்தில்லாமல் குறைந்தது ஆறு முறை முயலச் சொன்னது. குழந்தையில்லாதவர் என்றதும் ஒரே மருந்துச்சீட்டை நீட்டும் பழக்கம் இந்தப் பெண்களுக்கு நியாயம் செய்யாது.

மேலை நாடுகளில் பெண்கள் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து வீட்டிலேயே செய்துகொள்வதும் உண்டு. கருப்பை வாய் முறையின் எளிமைதான் அதைச் சாத்தியமாக்குகிறது. தெரிந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் சோதிக்காத புது விந்து என்றால், மேலே சொன்ன எட்டுப் பெண்களின் நிலைக்கே திரும்பிப் போகிறோம். சட்டச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பிரிட்டனில் உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகக் கொடுத்தவர் தகப்பன் ஆகமாட்டார். துணையில்லாத பெண்ணுக்கு வீட்டில் கொடுத்தவர் சட்டப்படி தகப்பனாகிவிடலாம்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இந்தத் துறையை முதன்முறையாகக் கட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் விந்து வாங்க முடியும். கொடையாளருக்கு 21 முதல் 55 வயது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதனை கட்டாயம். சேமிப்புக்கு வரம்பு பத்து ஆண்டு. 21 வயது நிறைந்து 50ஐ எட்டாத பெண், தனியாக வந்தாலும் சிகிச்சை பெறலாம். பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்றவர்களின் குழந்தையாகவே கொள்ளப்படும். கொடையாளருக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. 55 வயது வரம்பு தாராளம்தான். தந்தையின் வயது கூடக்கூட அணுக்களில் மரபணுப் பிழைகள் கூடுகின்றன என்பதால் வேறு பல நாடுகள் இன்னும் இளைய வரம்பில் நிறுத்துகின்றன.

சட்டத்தின் மிகக் கடுமையான வரி, ஒரு கொடையாளரின் விந்து ஒரே ஒரு தம்பதிக்குத்தான் என்பது. பிரிட்டனில் பத்துக் குடும்பம் வரை அனுமதி. விந்து தானத்தைக் கலகலப்பாகக் காட்டிய 'தாராள பிரபு' தமிழ்ப்படம் 2020இல் வந்தது. அதன் நாயகன் பலருக்கும் கொடுத்துக்கொண்டே போனதைப் போல இன்றைய சட்டப்படி ஒருவர் கொடுக்க முடியாது. பரிசோதனை, காத்திருப்பு, சேமிப்பு எல்லாம் செய்து ஒரு குடும்பத்தோடு நிறுத்துவதால் வங்கிகளுக்குக் கொடையாளர் கிடைப்பது கடினமாகும், விலையும் ஏறும். ஆனாலும் அந்த வரிக்குப் பின்னால் உள்ள அச்சம் வெறும் கற்பனையல்ல. 2025 மே மாதம் மிலனில் நடந்த ஐரோப்பிய மரபியல் மாநாட்டில் ஒரு கொடையாளரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் திடகாத்திரமானவர், ஆனால் அவருடைய அணுக்களில் ஒரு பகுதி, புற்றுநோயைத் தடுக்கும் டி.பி.53 மரபணுவில் பிழையைச் சுமந்திருந்தது. வழக்கமான சோதனை எதிலும் அது பிடிபடாது. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் அவர் வழிப் பிறந்ததாக அப்போது தெரியவந்திருந்த 67 குழந்தைகளில் பத்துப் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஒரு குடும்பத்தோடு நின்றிருக்க வேண்டிய துயரம் அத்தனை வீடுகளுக்குள் புகுந்தது.

இப்படி ஒரு பிழை பின்னாளில் தெரியவந்தால், குழந்தைக்கு யார் சொல்வது? தான் எப்படிப் பிறந்தோம் என்பதே தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஸ்வீடனில் 1985லேயே, வளர்ந்த பிள்ளை கொடையாளரை அறியலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 2005 ஏப்ரலிலிருந்து அநாமதேயக் கொடையை நிறுத்தியது. அதன் பிறகு கருவான பிள்ளைகள் 2023இலிருந்து பதினெட்டு நிறைந்து பெயர் கேட்டு வரத் தொடங்கினார்கள். பெயரை மறைப்பதையே பல பத்தாண்டுகள் கொள்கையாக வைத்திருந்த பிரான்ஸும் 2022 செப்டம்பரிலிருந்து, அடையாளம் தரச் சம்மதிக்கும் கொடையாளரை மட்டுமே ஏற்கிறது. கொடையாளர் வரத்து வற்றிப்போகும் என்று ஒவ்வொரு நாட்டிலும் எச்சரித்தார்கள். ஆனாலும் இந்த நாடுகளில் கொடை நின்றுவிடவில்லை.

இந்தியாவில் கொடையாளரின் விவரம் ரகசியம். தம்பதி கேட்டுக்கொண்டால் மருத்துவ அவசரத்தில் அதைத் திறக்கலாம், நீதிமன்றம் ஆணையிட்டால் திறக்கலாம். மருத்துவமனையும் வங்கியும் கோப்புகளைப் பத்து ஆண்டு காக்க வேண்டும். பிறகு அவை தேசியப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரும். குழந்தை நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போது அதன் கோப்பு ஊரைவிட்டுப் புறப்பட்டிருக்கும். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை தானாகப் போய் அதைக் கேட்டு வாங்க, சட்டத்தில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.